முதல் பனிச்சறுக்குப் பயணம்: குல்மார்க்கா, ஔலியா, சோலாங்கா?

பனிச்சறுக்குக்குப் போகலாம் என்று மனதில் பட்டதுமே எல்லோரும் போனை எடுத்துப் படம் பார்க்க ஆரம்பித்துவிடுகிறோம். நீல வானம், தேவதாரு மரங்கள், நடுவில் ஒருவர் பனித்தூள் பறக்கப் பறக்க இறங்கி வருகிறார். அந்தப் படத்தை வைத்து ஊரை முடிவு செய்யாதீர்கள். அவருக்குப் பல வருடப் பழக்கம் இருக்கிறது. உங்களுக்கு முதல் மூன்று நாளைக்கு வேண்டியது லேசாகச் சாய்ந்த ஒரு சின்ன மேடும், விழுந்தால் எப்படி எழுவது என்று பொறுமையாகச் சொல்லித் தரும் ஒரு ஆசிரியரும்தான். அந்த இரண்டும் எங்கே நன்றாகக் கிடைக்கிறதோ அதுதான் உங்கள் ஊர்.

ஊருக்கும் முன்னால் தேதியைப் பாருங்கள். நமக்கு வடகிழக்குப் பருவமழை எப்படியோ, இமயமலைக்குக் குளிர்காலத்தில் மேற்கிலிருந்து, மத்தியதரைக் கடல் பக்கமிருந்து வரும் மேற்கத்திய இடையூறுகள் என்ற மழைமேக அமைப்புகள் அப்படி. அவை வந்தால் இரண்டே நாளில் மூன்று நான்கு அடி பனி கொட்டும், வராவிட்டால் மலை காய்ந்து பழுப்பாகக் கிடக்கும். காஷ்மீரில் டிசம்பர் 21இல் தொடங்கும் நாற்பது நாள் கடுங்குளிரைச் சில்லாய் கலான் என்பார்கள், பனிக்குப் பேர்போன காலம் அது. அப்படியிருந்தும் 2024 ஜனவரியில் குல்மார்க்கில் புல்தரை தெரிந்தது. 2025இல் பிப்ரவரிக்கு வைத்திருந்த கேலோ இந்தியா குளிர்கால விளையாட்டுகளின் குல்மார்க் பகுதியைப் பனி போதாமல் தள்ளிவைத்து மார்ச்சில்தான் நடத்தினார்கள். அதனால் பிள்ளைகளின் அரையாண்டு விடுமுறைக்கு, அதாவது டிசம்பர் கடைசிக்கு, சறுக்கு என்று திட்டம் போடுவதை நான் யாருக்கும் சொல்ல மாட்டேன். ஜனவரி கடைசியிலிருந்து பிப்ரவரி மூன்றாம் வாரம் வரை ஓரளவு நம்பலாம். அதிலும் இரண்டு நாள் கையில் கூடுதலாக வைத்துக்கொள்ளுங்கள், ஏனென்றால் பனி நன்றாகப் பெய்யும் நாளில்தான் ஶ்ரீநகர் விமானமும் ரத்தாகும்.

சரி, ஊருக்கு வருவோம். மூன்றில் பனிக்காக மட்டும் ஒன்றைச் சொல்லச் சொன்னால் யோசிக்காமல் குல்மார்க் என்பேன். ஶ்ரீநகரிலிருந்து சுமார் 50 கிலோமீட்டர். கடைசி 13 கிலோமீட்டர், தங்மார்க்கிலிருந்து மேலே ஏறுவது. பனி கனமாக இருந்தால் டயரில் சங்கிலி மாட்டிய வண்டியைத்தான் விடுவார்கள், வாடகைக் காரில் நேராக அறை வாசலில் போய் இறங்கலாம் என்று இருக்காதீர்கள். ஊர் 2,650 மீட்டர் உயரத்தில், கிண்ணம் போன்ற ஒரு புல்வெளியில் இருக்கிறது. கோடையில் கோல்ஃப் ஆடும் அந்த மேடுபள்ளங்கள்தான் குளிர்காலத்தில் புதியவர்களின் பள்ளிக்கூடம். சறுக்குபவரை இழுத்து மேலே கொண்டுவிடும் சிறிய லிஃப்டும் அங்கே உண்டு. கம்பிவடத்தில் தொங்கிப் போகும் கொண்டோலா (கேபிள் கார்) இரண்டு கட்டம்: முதலாவது சுமார் 3,100 மீட்டரில் இருக்கும் கோங்டூரி வரை, இரண்டாவது அஃபர்வாட் மலையில் ஏறக்குறைய 3,950 மீட்டர் வரை.

இந்த இரண்டாம் கட்டத்தைப் பற்றிக் கொஞ்சம் நின்று சொல்ல வேண்டும். உலகம் முழுவதிலுமிருந்து சறுக்குவோர் குல்மார்க்குக்கு வருவதே அதற்காகத்தான், ஆனால் அது வாரிச் சமன்படுத்திய பாதை இல்லை, திறந்த மலை. 2023 பிப்ரவரியிலும் 2024 பிப்ரவரியிலும் அந்த மலைப்பக்கம் பனிச்சரிவில் சிக்கி வெளிநாட்டுச் சறுக்கு வீரர்கள் இறந்திருக்கிறார்கள், அவர்கள் யாரும் கற்றுக்குட்டிகள் அல்ல. அங்கே சறுக்க, புதைந்தவரைக் கண்டுபிடிக்கும் பீக்கன் கருவி, மண்வெட்டி, குத்திப் பார்க்கும் கம்பி, உள்ளூர் வழிகாட்டி நான்கும் வேண்டும், அவற்றைப் பயன்படுத்தத் தெரிந்தும் இருக்க வேண்டும். முதல் பயணத்தில் நீங்கள் மேலே போவதென்றால் காட்சியைப் பார்த்துவிட்டு அதே கொண்டோலாவில் இறங்குங்கள். "நான் கையைப் பிடித்துக் கூட்டிப்போகிறேன், ஒன்றும் ஆகாது" என்று யாராவது சொன்னால் கும்பிட்டுவிட்டு நகர்ந்துவிடுங்கள்.

ஔலி வேறு மாதிரி. உத்தராகண்டில், ஜோஷிமட்டுக்கு மேலே, 2,500 மீட்டரிலிருந்து 3,000 மீட்டர் வரை ஒரே நீளமான சரிவு, எதிரே 7,816 மீட்டர் நந்தா தேவி. கற்றுக்கொள்ள அருமையான சரிவு, கூட்டமும் அலைக்கழிப்பும் குறைவு. ஆனால் ரிஷிகேஷிலிருந்து ஏறக்குறைய 250 கிலோமீட்டர் மலைப்பாதை, ஒரு முழு நாள் அதிலேயே போய்விடும். ஜோஷிமட்டில் 2023 ஜனவரியில் நிலம் புதைந்து வீடுகள் விரிசல் விட்டபோது அங்கிருந்து ஔலிக்குப் போகும் ரோப்வேயையும் நிறுத்திவிட்டார்கள், ஆகவே சாலை வழியையே கணக்கில் வைத்துத் திட்டமிடுங்கள். வயதானவர்களை அழைத்துப்போவதென்றால் எனக்கு இது தயக்கம்தான்.

மணாலிக்குப் பக்கத்தில் இருக்கும் சோலாங், சறுக்கி "பார்க்க" நினைப்பவர்களுக்குச் சரி. குடும்பத்தில் ஒருவருக்கு மட்டும் ஆசை, மற்றவர்களுக்குக் கடைத்தெருவும் வெந்நீர் ஊற்றும் போதும் என்றால் இங்கே போங்கள். சரிவு சிறியது. நண்பகலில் ஸ்லெட்ஜ், டியூப், ஸ்கூட்டர் எல்லாம் ஒன்றாகக் குவிந்துவிடும், காலை ஒன்பது மணிக்கே போய்விட வேண்டும்.

இப்போது ஆசிரியர். முதல் தடவை நான் போனபோது வண்டி நிறுத்தத்திலேயே ஒருவரிடம் பேரம் பேசி அமர்த்தினேன். இரண்டு நாளும் என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு அவர் பின்னோக்கி நடக்க நான் வழுக்கிக்கொண்டே இறங்கினேன். படம் நன்றாக வந்தது, ஆனால் நிறுத்தக்கூடத் தெரியவில்லை. அடுத்த வருடம் முறையான வகுப்பில் சேர்ந்த முதல் காலையிலேயே, ஸ்கீயின் முன்முனைகளை நெருக்கிப் பின்பக்கத்தை விரித்து வேகத்தைக் குறைக்கும் ஸ்னோப்ளவைச் சொல்லிக்கொடுத்தார்கள், மாலைக்குள் நானாக நின்றேன். குல்மார்க்கில் மத்திய சுற்றுலா அமைச்சகத்தின் கீழ் பனிச்சறுக்கு, மலையேற்ற நிறுவனம் இருக்கிறது, மணாலியில் அடல் பிஹாரி வாஜ்பாய் மலையேற்ற நிறுவனம், ஔலியில் உத்தராகண்ட் அரசு நிறுவனமான கர்வால் மண்டல் விகாஸ் நிகம் 7 நாள், 14 நாள் வகுப்புகள் நடத்துகிறது. தங்குமிடம் எளிமையாக இருக்கும், கற்பித்தல் ஒழுங்காக இருக்கும். தனி ஆசிரியர் வைத்தால் பணம் தருவதற்கு முன் மூன்று கேள்வி கேளுங்கள்: சான்றிதழ் இருக்கிறதா, ஒரே நேரத்தில் எத்தனை பேருக்குச் சொல்லித்தருகிறீர்கள், முதல் நாள் எந்த மேட்டில் ஆரம்பிப்போம்? மூன்றாவதற்கு "நேராகக் கொண்டோலா" என்று பதில் வந்தால் வேறு ஆளைப் பாருங்கள்.

குல்மார்க் முடிவானால் இரண்டு சின்ன விஷயம். வெளிமாநில ப்ரீபெய்ட் சிம் ஜம்மு காஷ்மீரில் வேலை செய்யாது, போஸ்ட்பெய்ட் ஒன்றாவது குழுவில் இருக்கட்டும். கொண்டோலா டிக்கெட்டை இணையத்தில் முன்கூட்டியே எடுத்துவிடுங்கள், ஆனால் காற்றோ பனியோ அதிகமானால் இயக்க மாட்டார்கள், கடைசி நாளுக்கு வைத்துக்கொள்ள வேண்டாம். பயணக் காப்பீடு எந்த ஊருக்குப் போனாலும் எடுங்கள். பல பாலிசிகளில் குளிர்கால விளையாட்டு சேராது, அந்த வரியைத் தேடிப் படியுங்கள்.

அப்புறம் ஸ்கீயும் பூட்ஸும் வாடகைக்குக் கிடைக்கும், வாங்க வேண்டாம். ஜீன்ஸ் மட்டும் வேண்டாம், நனைந்தால் உறைந்துவிடும். பூட்ஸைக் கடையிலேயே முழுசாகப் பூட்டிப் பாருங்கள். நேராக நின்றால் கட்டைவிரல் முன்னால் லேசாகத் தொட வேண்டும், முழங்காலை மடக்கினால் விலக வேண்டும், குதிகால் மேலே எழும்பக் கூடாது. குளிருக்கு என்று இரண்டு சாக்ஸ் போட்டால் ரத்த ஓட்டம் தடைபட்டுக் கால் இன்னும் மரத்துப்போகும், ஒரு நல்ல கம்பளிச் சாக்ஸ் போதும். சரியாகப் பொருந்தவில்லையா, கூச்சப்படாமல் நாலாவது ஜோடிகூட எடுத்துத் தரச் சொல்லுங்கள்.