மேப்பிள் மரப்பட்டையில் சாறு வடிந்தால் செய்ய வேண்டியவை

டொராண்டோ போன்ற ஊர்களில் வீட்டு முற்றத்தில் அழகுக்காக மேப்பிள் வளர்ப்போர், அடிமரத்தில் உலர்ந்த இரத்தம் போன்ற செம்பழுப்புக் கறையைக் கண்டால், அது எங்கிருந்து, எந்தக் காலத்தில் வடிகிறது என்பதை முதலில் கவனிக்க வேண்டும். குளிர்காலத்தின் இறுதியில் வெட்டுக்காயத்திலிருந்து தெளிந்த நீராகச் சொட்டுவது மேப்பிளின் இயல்பான சாறே; அதற்கு மருந்து தேவையில்லை. பழைய கிளை வெட்டிலிருந்தோ கவட்டிலிருந்தோ புளித்த நாற்றத்துடன் வழிவது பெரும்பாலும் பாக்டீரியாவால் நேர்வது. வெளிக்காயம் எதுவும் தெரியாமல், தரையை ஒட்டிய பட்டையிலிருந்து கருஞ்சிவப்பாகக் கசிந்தால்தான் ஃபைட்டோப்தோரா என்னும் மண்வாழ் நோய்க்கிருமியை ஐயுற வேண்டும்.

எரிசாராயத்தால் துடைத்த கூரிய கத்தியால் கறையின் ஓரத்தில் வெளிப்பட்டையை மெல்லச் சீவிப் பார்த்தால் ஐயம் பெரும்பாலும் தெளியும். நலமான உட்பட்டை வெளிறியிருக்கும். நோயுற்றது செம்பழுப்பாக மாறி, இரண்டுக்கும் இடையே தெளிவான எல்லை தெரியும். உறுதிசெய்ய விரும்பினால், முற்றிலும் இறந்த நடுப்பகுதியை விடுத்து, அந்த எல்லையிலிருந்தே சிறு துண்டை எடுத்துத் தாவர நோய் ஆய்வகத்துக்கு அனுப்ப வேண்டும்.

ஃபைட்டோப்தோரா பூஞ்சை போலத் தோன்றினாலும் உண்மையான பூஞ்சை அன்று. அதன் வித்துகள் மண்ணிலுள்ள நீரில் நீந்தி வேரையும் அடிப்பட்டையையும் அடைகின்றன. எனவே புண் மரத்தில் தெரிந்தாலும், மருத்துவம் மண்ணில்தான் தொடங்க வேண்டும். அடிமரத்தைச் சுற்றிக் குவிந்த மண்ணையும் மரச்சீவல் மூடாக்கையும் கையால் விலக்கி, வேர்கள் பிரியும் அகன்ற பகுதி காற்றுப்படும்படி விட வேண்டும். பலரும் மரத்தைச் சுற்றி எரிமலைபோலக் குவிக்கும் மூடாக்கே பட்டையை எப்போதும் ஈரமாக வைத்திருக்கிறது. மூடாக்கு 5 முதல் 10 சென்டிமீட்டர் தடிமனுக்கு மிகாமலும், அடிமரத்திலிருந்து ஒரு சாண் தள்ளியும் இருந்தால் போதும். கூரை நீர் அங்கே வந்து தேங்கினால் வடிகாலைத் திருப்ப வேண்டும். புல்தரைக்கு நீர் தெளிக்கும் கருவி பட்டையை நனைக்காதபடியும், புல்வெட்டி அதைக் கீறாதபடியும் பார்த்துக்கொள்ள வேண்டும்.

தென்னையின் சாறு வடிதல் நோய்க்கு உளியால் செதுக்கித் தார் பூசிப் பழகிய கை, இங்கும் அதையே செய்யத் துடிக்கும். அந்த நோய்க்குக் காரணம் ஃபைட்டோப்தோரா அன்று, உண்மையான பூஞ்சை ஒன்று. மரத்தின் அமைப்பும் வேறு. மேப்பிள் தன் காயத்தைச் சுற்றிப் புதுத் திசு வளர்த்தே ஆற்றிக்கொள்ளும் என்பதால், தாரும் பெயின்டும் பூசக் கூடாது.

உரிமம் பெற்ற மரப் பராமரிப்பாளர் பாஸ்பைட் மருந்தைப் பயன்படுத்தினால் நோய் பரவும் வேகம் குறையலாம். ஆனால் இறந்த பட்டை மீளாது, வடிகால் சரியில்லாத இடத்தில் அம்மருந்து பணத்துக்கே கேடு. பாஸ்பேட் உரம் இதற்கு மாற்று அன்று. காய்ந்த கிளைகளை வறண்ட நாளில் வெட்டி, கருவிகளைத் துடைத்த பின்னரே அடுத்த மரத்தைத் தொட வேண்டும்.

புண் அடிமரத்தின் பெரும்பகுதியைச் சுற்றிவிட்டு, உச்சியும் காயத் தொடங்கியிருந்தால், மரம் வீட்டின் மீதோ பாதையின் மீதோ சாயும் முன் அகற்றிவிடுவதே நல்லது. நோய்க்கிருமி மண்ணில் பல ஆண்டுகள் தங்கக்கூடும் என்பதால், ஈரம் வடியாத அதே குழியில் மீண்டும் மேப்பிளை நடக் கூடாது.