முழங்கால் மாற்றுச் சத்திரசிகிச்சைக்குப் பின் மீண்டும் சைக்கிள்

வலது முழங்காலுக்குச் செயற்கை மூட்டுப் பொருத்தப்பட்ட ஏழாவது வாரத்தில், விறாந்தையில் வைத்திருந்த உடற்பயிற்சிச் சைக்கிளில் ஏறியபோது, மிதியை ஒரு முழுச் சுற்றுக் கொண்டுவர என்னால் முடியவில்லை. என் கால் 95 பாகையளவே மடங்கியது. முழுச் சுற்றுக்கு ஏறத்தாழ 105 முதல் 110 பாகை வரை மடங்கவேண்டும் என்று இயன்மருத்துவர் (பிசியோதெரபிஸ்ட்) விளக்கினார்.

அவர் சொன்னபடி ஆசனத்தை உயர்த்தி, மிதியை முன்னும் பின்னுமாக அரைச் சுற்று மட்டும் அசைத்துவந்தேன். சில நாட்களில் பின்னோக்கிய சுற்று முழுமையடைந்தது. முன்னோக்கிய சுற்று அதன் பின்னரே கைகூடியது. மடங்காத முழங்காலுக்கு ஈடாக இடுப்பைத் தூக்கி மிதிப்பதுதான் நான் விட்ட பெரிய தவறு. அதை மகள் கவனித்துத் திருத்தியிராவிட்டால் முதுகுவலியும் சேர்ந்திருக்கும். கால் வீங்கிய நாட்களில் ஐஸ் ஒத்தடத்துடன், படுத்தபடியே தொடைத் தசையை இறுக்கும் பயிற்சியோடு நிறுத்திக்கொண்டேன்.

வைத்தியரின் அனுமதியுடன் நான்காம் மாதத்தில் வீதிக்கு வந்தேன். சைக்கிள் ஓடுவதைவிட அதில் ஏறி இறங்குவதே ஆபத்தானது என்பதால், பார் வைத்த பழைய சைக்கிளை ஒதுக்கி, மகளின் தாழ்ந்த சட்டச் சைக்கிளை எடுத்து, யாழ்ப்பாணத்து நல்லூர் ஒழுங்கைகளில் அதிகாலையில் பழகினேன். எதிர்க்காற்றில் அழுத்தி மிதிக்க வேண்டியிருக்குமென்பதால், சோளகம் எனும் தென்மேற்குக் காற்று ஓயும்வரை, கடலோரத்துப் பண்ணைப் பாலத்துப் பக்கம் போகவில்லை.