பாத்டப் இல்லாத வீட்டில் கரப்பானுக்கு ஓட்ஸ் குளியல்

வறண்ட கச்சான் காற்று வீசத் தொடங்கினால் என் மகளுக்கு முழங்கை மடிப்பும் முழங்காலின் பின்பக்கமும் சிவந்துவிடும், இரவெல்லாம் சொறிச்சல்தான். அம்மம்மா கிரந்தி என்பார், டொக்டர் எக்சிமா, அதாவது கரப்பான் என்றார். இதை அடியோடு மாற்றும் குளியல் எதுவும் இல்லை. அரிப்பைத் தணிக்கலாம், அவ்வளவுதான்.

வாசமோ சீனியோ சேர்க்காத ஓட்ஸ் அரைக் கோப்பை எடுத்து நன்றாக மாவாக அரையுங்கள். ஒரு கரண்டி மாவைக் கிளாஸ் தண்ணீரில் கலக்கினால் பால் போல் வெளுக்க வேண்டும், உடனே அடியில் படிந்தால் இன்னும் அரையுங்கள். மாவைப் பெரிய பேசின் தண்ணீரில் கலக்கி, சின்னப் பிள்ளையை அதில் உட்கார வைக்கலாம். பெரியவர்கள் மாவைப் பழைய பருத்தித் துணியில் முடிந்து, வாளித் தண்ணீரில் ஊறவைத்துப் பிழிந்து, அந்தப் பொட்டலத்தாலேயே அரிக்கும் இடங்களில் ஒற்றிக்கொண்டு மெதுவாக ஊற்றிக் குளிக்கலாம் (தரை வழுக்கும், கவனம்). முதல் தடவை கையில் கொஞ்சம் தடவிப் பாருங்கள், சிலருக்கு ஓட்ஸே ஒத்துக்கொள்ளாது.

தண்ணீர் வெதுவெதுப்பாக இருந்தால் போதும். சுடுதண்ணீர் அந்த நேரம் சுகமாக இருக்கும், பிறகு அரிப்பு இரண்டு மடங்கு. 10 நிமிடத்துக்கு மேல் வேண்டாம், புண் உள்ள இடத்தில் சவர்க்காரமும் வேண்டாம். வெள்ளத்துக்குப் பிறகு கிணற்றுக்குக் குளோரின் போட்டிருந்தால் அள்ளிய தண்ணீரை ஒரு நாள் திறந்து வைத்துவிட்டுப் பாவியுங்கள்.

குளித்ததும் துவாயால் தேய்க்காமல் ஒற்றி எடுத்து, ஈரம் முழுதாகக் காயுமுன், இரண்டு மூன்று நிமிடத்துக்குள், வாசமில்லாத களிம்போ சுத்தமான தேங்காய் எண்ணெயோ பூசுங்கள். நான் இதைத்தான் முதலில் விட்டுவிட்டேன், குளிப்பாட்டி முடிந்தால் வேலை முடிந்தது என்று நினைத்து. பூசாமல் விட்டால் தண்ணீர் ஆவியாகி, தோல் முன்னைவிட வறண்டுபோகும்.

வேப்பிலை அவித்த தண்ணீரை ஆறவைத்து ஊற்றும் வழக்கம் நம் வீடுகளில் உண்டு. எரியாவிட்டால் ஊற்றுங்கள், ஆனால் அரைத்த வேப்பிலையையும் மஞ்சளையும் வெடித்த தோலில் அப்ப வேண்டாம். தேசிக்காய் பக்கமே போகாதீர்கள். கடலில் குளித்தால் ஆறும் என்று யாராவது சொல்வார்கள், பிள்ளை கத்துகிற கத்தில் கரையே திரும்பிப் பார்க்கும்.

டொக்டர் தந்த கிரீமை நீங்களாக நிறுத்த வேண்டாம். மஞ்சளாகப் பொருக்குக் கட்டினாலோ, சீழ் வைத்தாலோ, காய்ச்சலோடு சின்னக் கொப்புளங்கள் கொத்தாக எழும்பினாலோ அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போய்விடுங்கள்.