வீட்டு ஷெட்டுக்கு வெல்டிங் மெஷின்: முதலில் பிளக் பாயிண்டைப் பாருங்கள்

கடைக்காரர் முதலில் கேட்பது "எத்தனை ஆம்ப்ஸ் வேணும்?" என்றுதான். அதற்குப் பதில் உங்கள் வீட்டுச் சுவரில் இருக்கிறது.

1. எதை ஒட்டப் போகிறீர்கள்? செடி ஸ்டாண்டு, சின்ன கேட், ஆடும் நாற்காலி என்றால் பெரும்பாலும் 16 கேஜ் (சுமார் 1.6 எம்.எம். தடிமன்) ஸ்குவேர் பைப்தான். 2.5 எம்.எம். 6013 ராடு (சாதா இரும்பை ஒட்டும் வெல்டிங் குச்சி) போதும். 60 முதல் 90 ஆம்ப்ஸில் வேலை முடியும்.

2. இப்போது பிளக் பாயிண்ட். 80 ஆம்ப்ஸ் வைத்து ஒட்டும்போது ராடு முனையில் சுமார் 23 வோல்ட் இருக்கும். அதாவது 1,850 வாட்ஸ் அளவு. மெஷினில் வீணாவதையும் சேர்த்தாலும், ஏசிக்குப் போடும் 16 ஆம்ப்ஸ் பாயிண்ட் இதைத் தாங்கும். டி.வி. செருகும் 6 ஆம்ப்ஸ் பாயிண்டில் மாட்டவே கூடாது. பெட்டியில் '200' என்று போட்டிருக்கிறதே? அதை முழுதாகத் திருகினால் ராடுக்கு மட்டும் 5,600 வாட்ஸ் வேண்டும். உங்கள் பாயிண்டின் உச்சமோ 3,680. அந்த 200 வீட்டில் வெறும் ஸ்டிக்கர்தான்.

3. பழைய டிரான்ஸ்பார்மர் செட் வேண்டாம். தூக்கவே ஆள் வேண்டும். சிங்கிள் பேஸ் இன்வெர்ட்டர் ஆர்க் மெஷின் (எலக்ட்ரானிக் சர்க்யூட்டில் ஓடும், எடை குறைந்த ராடு வெல்டிங் மெஷின்) வாங்குங்கள். ராடுக்குப் பதில் கம்பிச் சுருள் போட்டு ஒட்டும் மிக் மெஷின் அப்புறம் பார்க்கலாம்.

4. டியூட்டி சைக்கிள் 60% என்றால் பத்து நிமிடத்தில் ஆறு நிமிடம் எரியலாம் என்று பொருள். எந்த ஆம்ப்ஸில் என்று கேளுங்கள். ராடு மாற்றி, கசடு தட்டி, ஒட்டியது நேராக இருக்கிறதா என்று பார்ப்பதற்குள் நமக்கு ஓய்வு தானாகவே கிடைத்துவிடும்.

5. கடைக்கு ஒரு துண்டு பைப் கொண்டு போங்கள். 60 ஆம்ப்ஸில் வைத்து உரசச் சொல்லுங்கள். ஆர்க் (ராடு முனையில் எரியும் மின்சுடர்) அணையாமல் நிற்க வேண்டும். எர்த் கிளாம்பை (மெஷின் வயர் நுனியில் பைப்பைக் கவ்விப் பிடிக்கும் கிளிப்) அமுக்கிப் பாருங்கள். என் முதல் மெஷினோடு வந்த கிளாம்ப் தகரம் மாதிரி இருந்தது. ராடு ஒட்டிக்கொண்டே இருக்க, மூன்று நாள் என் கையைத்தான் திட்டினேன். கனமான கிளாம்ப் மாற்றி, பிடிக்கும் இடத்தில் பெயின்டைச் சுரண்டியதும் சரியாகிவிட்டது.

6. பெரிய மெஷின் வாங்காமல் மிச்சம் பிடித்த பணத்தில் ஆட்டோ டார்க்கனிங் ஹெல்மெட் (ஆர்க் எரிந்ததும் கண்ணாடி தானாகக் கறுக்கும்), தோல் கையுறை. வெறுங்கண்ணால் ஆர்க்கைப் பார்த்தால் ராத்திரி கண்ணில் மணல் கொட்டியது போல உறுத்தும். தீப்பொறி பறக்கும்; ஷெட்டில் பைக் நின்றால் வெளியே தள்ளிவிட்டு ஆரம்பியுங்கள்.