பிள்ளை பால் குடிக்க மறுத்தால்: உரம் எடுப்பதற்கும் எலும்பைச் சரிசெய்வதற்கும் முன் பார்க்க வேண்டியவை

மும்பையில் மாட்டுங்காவிலோ செம்பூரிலோ தாராவியிலோ ஒரு தமிழ் வீட்டில் பிறந்து பத்து நாளான பிள்ளை, மார்பில் வாய் வைத்ததும் வீறிட்டு அழுகிறது என்று வைத்துக்கொள்வோம். ஊரிலிருந்து வந்திருக்கும் பாட்டி, பிள்ளைக்கு உரம் (சுளுக்கு) விழுந்திருக்கிறது என்பார்; மாலிஷ் (எண்ணெய் தேய்த்து நீவிவிடுதல்) செய்ய வரும் பெண், கைகால்களை இழுத்துவிட்டால் சரியாகிவிடும் என்பார்; கைப்பேசியில் தேடும் தகப்பனோ, பச்சிளங்குழந்தையின் முதுகெலும்பைச் சரிசெய்வதாக விளம்பரம் செய்யும் கைரோபிராக்டிக் நிலையம் ஒன்றைக் கண்டுபிடித்துச் சொல்வார். பெரும்பாலான வீடுகளில் கோளாறு இருப்பது பிள்ளையை மார்போடு பிடித்திருக்கும் விதத்தில்தான். அதைப் பார்க்காமல் பிள்ளையின் எலும்பில் யாரையும் கை வைக்க விடக் கூடாது.

பால் உண்மையிலேயே போதவில்லையா என்பதை அழுகையை வைத்துத் தீர்மானிக்க முடியாது. ஐந்தாம் நாளிலிருந்து ஒரு நாளைக்கு ஆறு முறையாவது துணியோ டயப்பரோ நன்றாக நனைய வேண்டும். கறுப்பு மலம் மாறி மஞ்சளாகியிருக்க வேண்டும். பிறந்த முதல் சில நாட்களில் எடை சற்றுக் குறைவது இயல்பு. ஆனால் மூன்று கிலோவில் பிறந்த பிள்ளை 2.7 கிலோவுக்கும் கீழே போனாலோ, இரண்டு வாரமாகியும் பிறந்த எடைக்குத் திரும்பாவிட்டாலோ, தாமதிக்காமல் குழந்தை மருத்துவரிடம் காட்ட வேண்டும். மார்பு மெத்தென்று இருப்பதும், மாலை நேரத்தில் பிள்ளை அடிக்கடி பாலுக்கு அழுவதும் பால் வற்றியதற்கு அடையாளமல்ல. ஒரு நாளைக்கு எட்டு முதல் பன்னிரண்டு முறை குடிப்பது இந்த வயதில் வழக்கந்தான்.

அடுத்து, பிடிக்கும் விதம். தாய் சுவரிலோ நாற்காலியிலோ முதுகை நன்றாகச் சாய்த்து உட்கார்ந்து, மடியில் தலையணை வைத்துப் பிள்ளையை மார்பின் உயரத்துக்குக் கொண்டுவர வேண்டும். தாய் பிள்ளையை நோக்கிக் குனியக் கூடாது. பிள்ளையின் வயிறு தாயின் வயிற்றோடு ஒட்டியிருக்க, காது, தோள், இடுப்பு மூன்றும் ஒரே நேர்க்கோட்டில் அமைய வேண்டும். மூக்கு காம்புக்கு நேராக இருக்கட்டும். காம்பால் மேலுதட்டை மெல்ல வருடி, கொட்டாவி விடுவதுபோல் வாய் அகலத் திறக்கும்வரை காத்திருந்து, திறந்த நொடியில் பிள்ளையை மார்பை நோக்கி இழுத்தணைத்துக்கொள்ள வேண்டும். முதலில் மோவாய் மார்பில் படும், கீழுதடு வெளிப்புறமாக மடங்கியிருக்கும், காம்பைச் சுற்றிய கரிய வட்டம் வாய்க்குக் கீழே இருப்பதைவிட மேலே அதிகமாகத் தெரியும். கன்னம் குழி விழுந்தாலோ சப்புக்கொட்டும் ஓசை கேட்டாலோ பிடி சரியில்லை. சுண்டுவிரலை வாயோரத்தில் நுழைத்துக் காற்றை விடுவித்து, மறுபடி தொடங்கலாம். பக்கத்தில் இருப்பவர்கள் உதவுவதாக நினைத்துப் பிள்ளையின் பின்னந்தலையைப் பிடித்து மார்பில் அழுத்துவார்கள். அப்படி அழுத்தினால் பிள்ளை தலையைப் பின்னுக்குத் தள்ளி வளைத்துக்கொண்டு அழும், அதைப் பார்த்து உரம் என்பார்கள். கையால் தாங்க வேண்டியது கழுத்தடியையும் தோளையும் மட்டுமே. குடித்து முடித்தபின் காம்பு உருண்டையாக வெளிவர வேண்டும்; ஒரு பக்கம் தட்டையாகச் சாய்ந்து வந்தால், பிள்ளை காம்பை மட்டும் கடித்துக் குடித்திருக்கிறது.

இத்தனை செய்தும் தாய்க்குக் காம்பில் வலி இருந்தாலோ பிள்ளை குடிக்க மறுத்தாலோ தாய்ப்பால் ஆலோசகரைப் பார்க்க வேண்டும். பிரசவம் பார்த்த மருத்துவமனையிலேயே முதலில் விசாரிப்பது நல்லது. 1989-இல் இந்தியாவின் முதல் தாய்ப்பால் வங்கி தொடங்கப்பட்டது தாராவிக்கு அருகிலுள்ள சயான் மாநகராட்சி மருத்துவமனையில்தான் என்பது இங்குள்ள தமிழர்கள் பலருக்கே தெரியாது. மாநகராட்சி மருத்துவமனைகளை இந்த விஷயத்தில் குறைவாக மதிப்பிட வேண்டியதில்லை. தனியாரிடம் போவதானால் ஐ.பி.சி.எல்.சி. என்ற சர்வதேசச் சான்று இருக்கிறதா என்று கேட்கலாம். நல்ல ஆலோசகர் ஒரு முழு வேளை பால் கொடுப்பதை உடனிருந்து பார்ப்பார், நாக்கின் அடியிலுள்ள சவ்வு இறுகியிருக்கிறதா என்று வாய்க்குள் பார்ப்பார், தேவையானால் குடிப்பதற்கு முன்னும் பின்னும் எடை போடுவார். பார்க்காமலேயே பால் பவுடரையோ பால் சுரக்கும் மாத்திரையையோ எழுதிக் கொடுப்பவரிடம் மறுமுறை போக வேண்டாம்.

இனி கைரோபிராக்டிக். 1895-இல் அமெரிக்காவில் டி.டி. பாமர் தொடங்கிய இந்த முறை, முதுகெலும்பைக் கையால் அழுத்தியும் சட்டென்று தள்ளியும் சரிசெய்வதை மையமாகக் கொண்டது. பச்சிளங்குழந்தை பால் குடிப்பதற்கோ வயிற்றுவலிக்கோ இது பயனளிக்கும் என்பதற்கு உறுதியான ஆதாரம் இல்லை. அந்தத் தொழில் சட்டப்படி நெறிப்படுத்தப்பட்டிருக்கும் ஆஸ்திரேலியாவிலேயே, 2019-இல் அதன் வாரியம் இரண்டு வயதுக்குட்பட்டவர்களுக்கு முதுகெலும்பைத் தள்ளிச் சரிசெய்ய வேண்டாம் என்று தன்னிடம் பதிவு பெற்றவர்களுக்கு அறிவுறுத்தியது. இந்தியாவில் இத்தொழிலுக்கென்று சட்டப்படியான பதிவுக் கவுன்சிலே கிடையாது. புடவையில் போட்டு உருட்டி உரம் எடுப்பதையும், குளிப்பாட்டும்போது காலைப் பிடித்துத் தலைகீழாகத் தொங்கவிடுவதையும் தவிர்க்க வேண்டும்: கழுத்து நிற்காத பிள்ளை அது. எண்ணெய் தேய்த்து மெல்ல நீவிவிடுவதில் தவறில்லை, அது பாட்டியின் உரிமையும்கூட.

பிள்ளை எப்போதும் ஒரே பக்கம் தலையைச் சாய்த்து, ஒரு பக்க மார்பில் மட்டும் குடிக்க மறுத்தால், கழுத்துத் தசை இறுகியிருக்கலாம். குழந்தை மருத்துவர் பார்த்தபின், குழந்தைகளுக்கான பிசியோதெரபிஸ்ட் கற்றுத்தரும் எளிய நீட்டல் பயிற்சிகளை வீட்டிலேயே செய்யலாம். மகாராஷ்டிரத்தில் பிசியோதெரபிஸ்டுகளுக்கு மாநிலக் கவுன்சில் பதிவு உண்டு; பதிவு எண்ணைக் கேட்பதற்குத் தயங்க வேண்டியதில்லை.

தாயின் முதுகுவலி வேறு கதை. பச்சை உடம்பில் மூட்டுப் பிணைப்புகள் இன்னும் தளர்ந்தே இருக்கும், குனிந்து பால் கொடுப்பது அந்த வலியைக் கூட்டும். மேலே சொன்னபடி பிள்ளையை உயர்த்திப் பிடிப்பதும், இரவில் ஒருக்களித்துப் படுத்துக் கொடுப்பதும், பிசியோதெரபிஸ்டிடம் வயிற்று, இடுப்புத் தசைப் பயிற்சிகளைக் கற்றுக்கொள்வதும் பெரும்பாலோருக்குப் போதும். சிசேரியன் ஆனவர்கள் பயிற்சியைத் தொடங்கும் நாளை மருத்துவரிடம் கேட்டுக்கொள்ள வேண்டும். கைரோபிராக்டரிடம் போயே தீர வேண்டும் என்பவர்கள் அவருடைய படிப்பை விசாரித்துக்கொண்டு, கழுத்தைச் சொடுக்க வேண்டாம் என்று முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். கழுத்தைத் திருகுவதால் அரிதாக இரத்தக்குழாய் கிழிந்து பக்கவாதம் வரை போயிருக்கிறது. கழுத்தில் கை வைத்தபின் கடும் தலைவலியோ தலைசுற்றலோ பேச்சுக் குழறலோ வந்தால் நேரே அவசரப் பிரிவுக்குப் போக வேண்டும். பத்துப் பன்னிரண்டு வருகைக்கு முன்பணம் கேட்கும் இடத்திலிருந்து எழுந்து வந்துவிடலாம்.

மூன்று மாதத்துக்குட்பட்ட பிள்ளைக்கு 38 டிகிரி செல்சியஸோ அதற்கு மேலோ காய்ச்சல் அடித்தாலோ, எழுப்பினாலும் எழாமல் துவண்டு கிடந்தாலோ, எட்டு மணி நேரமாகச் சிறுநீர் போகாவிட்டாலோ ஆலோசகர், மாலிஷ் எல்லாவற்றையும் விட்டுவிட்டு உடனே மருத்துவமனைக்குக் கொண்டு செல்ல வேண்டும். அப்படி எதுவும் இல்லாத பிள்ளையை, பிடியைத் திருத்திய மூன்றாம் நாள் அதே தராசில் மறுபடி எடை போட்டுப் பார்த்தால், அடுத்து யாரிடம் போக வேண்டும் என்பதும், போக வேண்டுமா என்பதும் தெரிந்துவிடும்.