வெற்றிலைச் சிவப்பில் மறையும் நீலம்: வாயையும் மூச்சையும் சோதிக்கும்போது விடும் பிழைகள்

மூதூரிலிருந்து ஒரு பெரியம்மா மூச்சுத் திணறலோடு வந்திருந்தார். பயிற்சித் தாதி ஒருத்தி பார்த்துவிட்டு "உதடு நல்ல சிவப்பு" என்று குறிப்பில் எழுதினாள். வெற்றிலை போட்ட வாய் வேறு எப்படி இருக்கும்? தண்ணீர் கொடுத்துக் கொப்பளிக்க வைத்து, நாக்கை அண்ணத்தில் ஒட்டச் சொல்லி டோர்ச் அடித்தோம். நாக்கின் அடி நாவற்பழம் தின்றதுபோல நீலம் பாரித்திருந்தது. இரத்தத்தின் ஒட்சிசன் அளவைக் காட்டும் ஒக்சிமீற்றரை விரலில் மாட்டினால் 82 வீதம்.

திருகோணமலைப் பக்கம் நாளும் பொழுதும் வெற்றிலை வாய்களைப் பார்க்கும் நாங்கள் விடக்கூடாத பிழை இது. மாரியில் கடலால் வந்தவருக்குக் குளிரிலேயே விரல் நீலமாகலாம். நாக்கு நீலமென்றால் இரத்தத்தில் ஒட்சிசன் குறைவு. இரத்தசோகை உள்ளவருக்கு அந்த நீலமும் எளிதில் தெரியாது. கருமையாக மருதோன்றி போட்ட விரலில் ஒக்சிமீற்றரை நம்பாமல் வேறு விரலில் வையுங்கள்.

வாயைத் திறக்கச் சொல்லித் தொண்டையை மட்டும் எட்டிப் பார்ப்பது அடுத்த பிழை. இலங்கை ஆண்களுக்கு அதிகம் வரும் புற்றுநோய் வாய்ப்புற்று. அது பெரும்பாலும் ஒளிந்திருப்பது கன்னத்தின் உட்புறம், நாக்கின் ஓரம், நாக்கின் கீழ்த்தளம் ஆகிய இடங்களில். பொய்ப்பல்லைக் கழற்றச் சொல்லுங்கள். நாக்கின் நுனியை கோஸ் துணியால் பிடித்து இரு பக்கமும் திருப்புங்கள். வெள்ளையாக ஏதும் கண்டால் மெல்லத் துடைத்துப் பாருங்கள். துடைக்க வந்தால் பெரும்பாலும் பூஞ்சணம். முட்டுக்கு (ஆஸ்துமாவுக்கு) பம்ப் அடித்துவிட்டு வாய் கொப்பளிக்காதவர்களிடம் அடிக்கடி காண்போம். துடைத்தும் போகாத வெள்ளைப் படை, அதைவிட முக்கியமாகச் செம்படை, 2 கிழமைக்கு மேல் ஆறாத புண் என்றால் பல் வைத்தியரிடம் அனுப்பியே ஆகவேண்டும். நோவில்லை என்று அவர் சொல்வதைக் கேட்டு விட்டுவிடாதீர்கள், தொடக்கத்தில் வாய்ப்புற்று பெரும்பாலும் நோகாது. வாய்க்குள் அவருடைய 3 விரல் நிமிர்ந்து நுழையவில்லையென்றால், பாக்கினால் கன்னம் இறுகிவிட்டதா என்று தடவிப் பாருங்கள்.

மூச்சை 15 விநாடி எண்ணி நாலால் பெருக்கும் பழக்கத்தை விடுங்கள். ஒரு மூச்சு பிழைத்தால் கணக்கில் நாலு பிழைக்கும். முழு 1 நிமிடம் எண்ணவேண்டும். எண்ணுகிறோம் என்று தெரிந்தால் அவர் மூச்சு மாறும். நாடி பார்ப்பதுபோல் கையைப் பிடித்தபடி நெஞ்சைப் பாருங்கள். ஓய்வாக இருக்கும் பெரியவருக்கு 12 முதல் 20. குழந்தைகளில் 2 மாதத்துக்குள் 60, 12 மாதத்துக்குள் 50, 5 வயதுக்குள் 40, அல்லது அதற்கு மேலானால் வேகமூச்சு. அழும் பிள்ளைக்கு எண்ணிப் பயனில்லை, தாயின் மடியில் அடங்கட்டும்.

சட்டைக்கு மேலால் ஸ்டெதஸ்கோப் வைத்தால் துணி உரசுவது நுரையீரல் சத்தம்போலக் கேட்கும். வெட்கப்படுபவருக்குத் திரையை இழுத்துவிட்டு முதுகையும் கேளுங்கள். நுரையீரலின் கீழ்ப்பாகம் அநேகமாக முதுகுப் பக்கந்தான். இடம், வலம் என்று மாறி மாறி ஒப்பிட வேண்டும்.

நான் மனமார மன்றாடிச் சொல்வது ஒன்று. முட்டு முற்றிய ஒருவரிடம் இழுப்புச் சத்தம் நின்றுபோனால் சுகம் என்று எண்ணாதீர்கள். சத்தம் எழுப்பும் அளவுக்குக்கூடக் காற்று ஓடவில்லை என்பதாக இருக்கலாம். அவரால் ஒரு வசனத்தை முழுதாகப் பேச முடிகிறதா? கழுத்துத் தசை இழுபடுகிறதா? சந்தேகமென்றால் உடனே வைத்தியரைக் கூப்பிடுங்கள். அதேபோல வாய்நீர் வடிய, முன்னால் சாய்ந்து, கொர்ரென்று மூச்சிழுக்கும் பிள்ளையின் நாக்கைக் கரண்டியால் அழுத்திப் பார்க்கவே கூடாது. மூச்சுவழி முற்றாக அடைபடலாம்.

கடைசியாக, "நெஞ்சு சரியில்லை" என்று எழுதினால் இரவு முறைக்கு வருபவருக்கு என்ன விளங்கும்? இப்படி எழுதுங்கள்: மூச்சு 28. வலது முதுகின் கீழே, மூச்சை உள்ளிழுக்கையில் கரகரப்பு. இருமிய பின்னும் மாறவில்லை. நாக்கு நீலமில்லை.