லீஸில் கையெழுத்துப் போடும் முன்: "இந்த வீட்டில் வெள்ளம் வந்ததா?" என்று எழுத்தில் வாங்குவது எப்படி?

அமெரிக்காவில் வாடகைக்கு வீடு பார்க்கும்போது பள்ளிக்கூடம், ஆபீஸ் தூரம், பார்க்கிங் எல்லாம் விசாரிப்போம். தண்ணீர் எப்படி என்று கேட்டால்கூடக் குழாயில் வருவதைத்தான் கேட்போம். வீட்டுக்குள் வருமா என்று கேட்கத் தோன்றாது. ஆனால் அதைச் சொல்வது பல மாநிலங்களில் வீட்டு உரிமையாளரின் சட்டக் கடமை.

படி 1: உங்கள் மாநிலத்தில் சட்டம் இருக்கிறதா?

எல்லா மாநிலத்திலும் இல்லை. டெக்சஸில் 2022 ஜனவரி 1 முதல் இருக்கிறது. நியூயார்க்கில் 2023 ஜூனிலும், நியூஜெர்சியில் 2024 மார்ச்சிலும் வந்தது. ஜார்ஜியாவிலும் உண்டு, ஆனால் அதைப் படித்தால் சிரிப்பு வரும். ஐந்து வருடத்தில் மூன்று முறையாவது வெள்ளத்தால் வீடு சேதமாகியிருந்தால்தான் சொல்ல வேண்டும். இரண்டு முறை மூழ்கிய வீட்டுக்காரர் வாயைத் திறக்க வேண்டியதில்லை!

படி 2: கேளுங்கள், மெயிலில் கேளுங்கள்

சட்டம் இருந்தாலும் இல்லாவிட்டாலும் கேட்பதை யாரும் தடுக்க முடியாது. முன்பணம் கட்டுவதற்கு முன்பே மூன்று கேள்விகளை அனுப்புங்கள். வீடு ஃபெமா (அமெரிக்க அரசின் பேரிடர் மேலாண்மை அமைப்பு) குறித்த வெள்ளப் பகுதியில் இருக்கிறதா? வீட்டுக்குள்ளோ கார் நிறுத்தும் இடத்திலோ எப்போதாவது தண்ணீர் புகுந்ததா? புகுந்தது என்றால் எந்த வருடம், எவ்வளவு உயரம்? ஏஜென்ட் போனில் "அதெல்லாம் ஒன்றும் இல்லை" என்று சொன்னால், சரி, அதையே மெயிலில் எழுதச் சொல்லுங்கள். எழுதத் தயங்குகிறாரா என்பதும் ஒரு பதில்தான்.

படி 3: அறிவிப்பைப் படியுங்கள்

சட்டப்படி உரிமையாளர் தர வேண்டிய வெள்ள அறிவிப்பு டெக்சஸில் லீஸோடு சேராத தனித் தாள். கையெழுத்தாகும்போதோ அதற்கு முன்போ கைக்கு வர வேண்டும். அதில் இரண்டு விஷயம்: வீடு நூறாண்டு வெள்ளப் பகுதியில் (விளக்கம் அடுத்த படியில்) இருப்பது உரிமையாளருக்குத் தெரியுமா, கடந்த ஐந்து வருடத்தில் ஒரு தடவையாவது வெள்ளம் புகுந்தது தெரியுமா. ஒவ்வொன்றுக்கும் 'ஆம்', 'இல்லை' என்று இரண்டு கட்டங்கள். முதல் கேள்வியில் எந்தக் கட்டத்திலும் டிக் இல்லையென்றால், வெள்ளப் பகுதி என்றே எடுத்துக்கொள்ளுங்கள் என்று அந்தத் தாளே சொல்கிறது.

கவனிக்க வேண்டிய சொல் 'தெரியுமா' என்பது. போன வருடம் வீட்டை வாங்கியவருக்குப் பழைய கதை உண்மையிலேயே தெரியாமல் இருக்கலாம். அதனால் அடுத்த இரண்டு படிகளும் உங்கள் வேலை.

படி 4: வரைபடத்தில் பாருங்கள்

ஃபெமாவின் வெள்ள வரைபடத் தளத்தில் முகவரியைப் போட்டால் இலவசமாகப் பார்க்கலாம். பகுதியின் குறியீடு 'ஏ' அல்லது 'வி' என்று தொடங்கினால் அதிக அபாயம். 'எக்ஸ்' என்றால் குறைவு, ஆனால் பூஜ்யம் இல்லை.

'நூறாண்டு வெள்ளம்' என்றதும் நூறு வருடத்துக்கு ஒரு முறை என்று நினைத்துவிடுகிறோம். ஒவ்வொரு வருடமும் நூற்றில் ஒரு பங்கு வாய்ப்பு என்பதுதான் அதன் பொருள். போன வருடம் வந்தது, அதனால் இந்த வருடம் வராது என்ற கணக்கெல்லாம் இல்லை. முப்பது வருடத்தில் ஒரு முறையாவது வருவதற்கான வாய்ப்பு ஏறக்குறைய 26 சதவீதம்.

கொட்டுகிற மழையில் சாக்கடை நிரம்பித் தண்ணீர் ஏறுவதை இந்த வரைபடத்தை மட்டும் வைத்துக் கணிக்க முடியாது. 2021 செப்டம்பரில் ஐடா புயலின் மழை நியூயார்க் நகரத்தில் கொட்டியபோது இறந்தவர்களில் பலர் அடித்தள வீடுகளில் குடியிருந்தவர்கள். பேஸ்மென்ட் வீடு என்றால் வரைபடம் என்ன சொன்னாலும் கூடுதலாக யோசியுங்கள்.

படி 5: வீட்டையே கேளுங்கள்

கராஜில் தண்ணீர் சூடாக்கும் தொட்டியின் அடிப்பாகத்தைக் குனிந்து பாருங்கள். அடியில் மட்டும் சுற்றிலும் ஒரே உயரத்துக்குத் துரு ஏறியிருந்தால் காரணம் கேளுங்கள். சுவரின் கீழ் இரண்டடி மட்டும் புதுப் பெயின்ட், அலமாரிக்குள் பூஞ்சை வாடை, பழைய வீட்டில் தரையோரப் பலகை மட்டும் பளபளப்பு, இதெல்லாம் தானாக வராது. அப்புறம் பக்கத்து வீட்டில் ஒரு வார்த்தை விசாரியுங்கள். எந்தத் தாளிலும் இல்லாத கதை அங்கே கிடைக்கும்.

படி 6: காப்பீடும் கெடுவும்

சாதாரண வாடகைதாரர் காப்பீட்டில் வெள்ளச் சேதம் பொதுவாகச் சேராது. தேசிய வெள்ளக் காப்பீட்டுத் திட்டத்தில் பொருட்களுக்கு மட்டும் தனியாக, 1,00,000 டாலர் வரை எடுக்கலாம். பெரும்பாலும் 30 நாள் கழித்துத்தான் அமலுக்கு வரும். புயல் செய்தி வந்தபிறகு எடுத்தால் அந்தப் புயலுக்கு உதவாது.

டெக்சஸில் இன்னொரு 30 நாள் இருக்கிறது. உரிமையாளர் அறிவிப்பு தராமல், வெள்ளத்தில் உங்கள் பொருட்களுக்குப் பாதி மதிப்போ அதற்கு மேலோ சேதம் ஆனால், 30 நாளுக்குள் எழுத்தில் தெரிவித்து லீஸை முறித்துக்கொள்ளலாம். அதற்கு மெயில்கள், கையெழுத்தான தாள், குடியேறிய அன்றைய படங்கள் எல்லாம் தேவைப்படும். அவற்றை வீட்டு அலமாரியின் கீழ்த்தட்டில் மட்டும் வைக்காதீர்கள். முதலில் நனைவது அதுதான்.